குடவோலையும் பள்ளிக் குழுவும்

செங்கற்பட்டிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் திருக்கழுக்குன்றம் வரும். அதனையும் கடந்து சென்றால் மாமல்லபுரத்தை அடையலாம். வழி நெடுக ஏரிக்கரை ஊர்களையும் நெல்வயல்களையும் காண்கிறோம். கடலை அணுகுந்தோறும் காட்சி மாறுகிறது. ஒருபுறம் கல் தச்சரின் உளியோசை கேட்கிறது. மறுபுறம் மணற்பரப்பில் வலைகள் உலர்கின்றன. ஊரின் தோற்றம் எத்துணை மாறினும் பள்ளி மட்டும் எங்கும் உண்டு. காலை மணி ஒலித்ததும் உழவர் வீட்டுப் பிள்ளையும், சிற்பியின் பிள்ளையும், மீனவர் வீட்டுப் பிள்ளையும் அதனை நோக்கி விரைகின்றனர்.

அப்பள்ளி யாருடையது? அரசினுடையது என்பார் சிலர். ஆசிரியர் பொறுப்பில் உள்ளது என்பார் வேறு சிலர். பிள்ளையைக் காலையில் அனுப்பிவிட்டு மாலை வரை காத்திருக்கும் பெற்றோர்க்கு அதில் பங்கு ஒன்றும் இல்லையா? உண்டு. அப்பங்கு சட்டத்தால் உறுதி செய்யப்பட்டது; தேர்தலால் பெறப்படுவது. அதனைப் பற்றியே இப்பாடத்தில் காண்போம். ஆனால் அதற்குமுன் நம் பகுதியிலேயே நடைபெற்ற பழையதொரு தேர்தலை அறிந்துகொள்வது நலம்.

செங்கற்பட்டிற்குத் தென்மேற்கே உத்திரமேரூர் என்னும் ஊர் உள்ளது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு பொறிக்கப்பட்டுள்ளன. அவை கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் எழுந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விளக்குகின்றன. வாரியம் என்பது இக்காலத்துக் குழு போன்றது. ஏரியைக் காப்பது ஏரி வாரியம். தோட்டங்களைக் கவனிப்பது தோட்ட வாரியம். ஊரின் பொதுக் காரியங்களை ஆண்டு முழுதும் மேற்பார்ப்பது சம்வற்சர வாரியம்.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதினர். அவற்றைக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். சபையோர் இளைஞர் முதியோர் வேறுபாடின்றிக் கூடினர். கூடியிருந்த நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடித்தார். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். அவ்வோலையை மத்தியஸ்தன் தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றான், உரக்கப் படித்தான். பின்னர் அங்கிருந்த நம்பிமாரும் அதனைப் படித்தனர். அதன் பிறகே அப்பெயர் ஏற்கப்பட்டது. இதுவே குடவோலை முறை.

விரல்களை ஏன் விரிக்கவேண்டும்? கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைக்கக்கூடாது என்பதற்காகவே. சிறுவனை ஏன் அழைக்கவேண்டும்? வேண்டியவர் பெயரைத் தேடி எடுக்க அவனுக்குத் தெரியாது என்பதற்காகவே. ஒருவர் படித்ததைப் பலர் மீண்டும் படித்தது ஏன்? படித்தவர் பொய் உரைத்திருந்தால் உடனே வெளிப்படும் என்பதற்காகவே. இது இக்காலத்து வாக்களிப்பு அன்று. திருவுளச்சீட்டு முறையே ஆகும். ஆயினும் நேர்மை என்பது நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்பதன்று, முறையால் காக்கப்படவேண்டுவது என்னும் உண்மையை அவ்வூரார் நன்கு உணர்ந்திருந்தனர்.

தகுதிகளையும் அக்கல்வெட்டு வரையறுக்கிறது. 921ஆம் ஆண்டு விதிப்படி வேட்பாளர் 35 வயதுக்கு மேற்பட்டவராகவும் 70 வயதுக்கு உட்பட்டவராகவும் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். கல்வி மிக்கவர்க்கு அரைக்கால் வேலியும் போதும். சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராக இருத்தல் வேண்டும். வாரியத்தில் முன்பு பணி செய்தவர் மூன்றாண்டுகள் கழிந்த பின்னரே மீண்டும் வரலாம். எல்லாவற்றிலும் கடுமையான விதி ஒன்றுண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. பொதுப் பணத்திற்குக் கணக்குக் காட்டாமை அத்துணைப் பெரிய குற்றமாகக் கருதப்பட்டது.

இவற்றைப் படிக்கும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகிறது. அப்பெருமிதம் முறையானதே. ஆனால் வரலாற்றைக் கற்பவர் ஒரு கண்ணால் மட்டும் பார்த்தல் ஆகாது. அந்தக் குடத்தில் யாருடைய பெயர் இடம்பெறவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். உத்திரமேரூர் அந்தணர்க்கு வழங்கப்பட்ட ஊர். வேதக் கல்வியும் நிலவுடைமையும் உள்ள ஆடவரே அச்சபையில் இடம்பெற்றனர். ஏரியின் கரையை மண் சுமந்து உயர்த்திய உழைப்பாளியின் பெயர் ஏரி வாரியத்து ஓலையில் இல்லை. பெண்ணின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை.

கல்விக்கும் இக்கூற்றுப் பொருந்தும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச் சாலையையும், மாணவர் உண்டு உறைந்து கற்பதற்குரிய கல்விச் சாலையையும் அது குறிப்பிடுகிறது. பதினோராம் நூற்றாண்டில் இத்தகைய அறம் நிகழ்ந்தது வியப்புக்குரியது. எனினும் ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அச்சாலையின் கதவு திறந்திருக்கவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய பள்ளியும், எல்லாப் பெற்றோர்க்கும் உரிய தேர்தலும் தோன்றுவதற்கு இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1882ஆம் ஆண்டில், ரிப்பன் பிரபு தலத் தன்னாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். அதனை அடுத்து 1884ஆம் ஆண்டில் சென்னை மாகாணத் தல வாரியச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்னும் அமைப்புகள் சாலைகளோடு பள்ளிகளையும் கவனிக்கலாயின. ‘போர்டுப் பள்ளி’ என்னும் சொல் நம் முதியோர் வாயில் வழங்குவது இக்காரணத்தாலேயே. 1920ஆம் ஆண்டில் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, மாவட்டந்தோறும் கல்வி மன்றங்கள் அமைந்தன. ஆயினும் அக்காலத்தில் வாக்குரிமை சொத்துடையார்க்கும் வரி செலுத்துவோர்க்குமே உரியதாயிருந்தது. கால் வேலி நிலம் என்னும் பழைய தடை வேறொரு வடிவில் நின்றது.

இந்நிலை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கல்விச் சட்டம் ஊர்தோறும் பள்ளி வாரியங்களைத் தேர்தல் வாயிலாக அமைக்க வழி செய்தது. அந்நாட்டுப் பெண்களுக்குப் பாராளுமன்றத் தேர்தலில் அப்போது வாக்குரிமை இல்லை. 1918ஆம் ஆண்டில்தான் அவருள் ஒரு பகுதியினர் அதனைப் பெற்றனர். ஆனால் பள்ளி வாரியத் தேர்தலில் பெண்கள் நிற்கலாம் என்று அச்சட்டம் இசைந்தது. இலண்டன் பள்ளி வாரியத்தின் முதல் தேர்தலில் எலிசபெத் காரெட் என்னும் மருத்துவரும் எமிலி டேவிஸ் என்னும் கல்வியாளரும் வெற்றி பெற்றனர். மேரிலபோன் பகுதியில் நின்ற காரெட் அம்மையார் 47,000க்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று முதலிடத்தில் வந்தார். நாட்டை ஆளும் மன்றத்தின் கதவு மூடியிருந்தபோது, பள்ளியின் கதவு வழியாகவே பெண்கள் பொதுவாழ்வில் புகுந்தனர். பிள்ளையின் கல்வியைப் பற்றிப் பேசத் தாய்க்கு உரிமை இல்லை என்று சொல்ல எவராலும் எளிதில் இயலவில்லை.

நாடு விடுதலை பெற்றபின் வயது வந்தோர் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். தமிழகத்தில் 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அக்காலத்துக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பழைய செங்கற்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். அவர் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊரார் தத்தம் பள்ளிக்கு இடமும் கட்டடமும் பலகையும் மேசையும் உவந்து வழங்கினர். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. தொடக்கப் பள்ளிகள் பல அவற்றின் பொறுப்பில் வந்தன. ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று பல ஊர்களில் நாம் காணும் பெயர்ப்பலகை அதன் சான்றாகும்.

ஊரார் பள்ளிக்கு வாரி வழங்கினர். வழங்குவது பெருங்குணம். ஆனால் வழங்குவது வேறு. பள்ளியின் நடைமுறையில் கலந்து முடிவு செய்வது வேறு. நாற்காலி ஒன்றைக் கொடையாக அளித்தவர் அந்நாற்காலியில் அமர்ந்து கணக்குக் கேட்கும் உரிமையைப் பெற்றாரில்லை. கொடுக்க ஒன்றும் இல்லாத ஏழைப் பெற்றோரோ பள்ளி வாயிலுக்கு வெளியிலேயே நின்றனர்.

இக்குறையை நீக்க வந்தது 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. அதன் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்படவேண்டும் என்று விதிக்கிறது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் பள்ளியில் எவ்வளவினரோ அவ்வளவிற்கேற்ப அவர்தம் பெற்றோர்க்கும் குழுவில் இடம் வேண்டும்.

தமிழகத்தில் இக்குழுக்கள் 2022ஆம் ஆண்டில் புதிதாக அமைக்கப்பட்டன. குழுவிற்கு 20 உறுப்பினர். அவருள் 15 பேர் பெற்றோர். எஞ்சிய இடங்கள் தலைமையாசிரியர், ஆசிரியர், உள்ளாட்சி உறுப்பினர் முதலியோர்க்கு உரியவை. 2024ஆம் ஆண்டில் குழு 24 உறுப்பினராக விரிந்தது. பள்ளியின் முன்னாள் மாணவர்க்கும் இடம் கிடைத்தது. குழுவின் தலைவர் பெற்றோருள் ஒருவரே. தலைமையாசிரியர் குழுவைக் கூட்டும் பொறுப்புடையவர்.

இத்தேர்தல் எவ்வாறு நடைபெறுகிறது? குறித்த நாளில் பெற்றோர் அனைவரும் பள்ளிக்கு அழைக்கப்படுகின்றனர். குழுவின் நோக்கம் அவர்களுக்கு விளக்கப்படுகிறது. உறுப்பினராக விரும்புவோர் முன்வருகின்றனர். அல்லது பிறர் அவர் பெயரை முன்மொழிகின்றனர். இடங்களும் பெயர்களும் ஒத்திருந்தால் ஒருமனதாகத் தெரிவு முடிகிறது. பெயர்கள் மிகுந்தால் வாக்கெடுப்பு நிகழ்கிறது. கொடியும் இல்லை, ஊர்வலமும் இல்லை. வேட்பாளர் காட்டவேண்டிய சொத்தும் இல்லை, பட்டமும் இல்லை. தம் பிள்ளை அப்பள்ளியில் பயில்கிறது என்பதே பெற்றோர்க்கு வேண்டிய தகுதி. கால் வேலி நிலம் கேட்ட இடத்தில் இன்று ஒரு குழந்தையின் பெயர் போதுமானதாயிற்று.

ஆயினும் சட்டம் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் எல்லாரும் உள்ளே வந்துவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, மாமல்லபுரத்துக்கு அருகில் கடலோரக் குப்பம் ஒன்றில் வாழும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். கணவர் விடியுமுன் படகேறுகிறார். படகு கரை சேர்ந்ததும் மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து சந்தைக்குப் போகவேண்டியவள் அவள். பள்ளிக் கூட்டம் காலை பத்து மணிக்கு என்றால் அன்றைய விற்பனை போயிற்று. “எனக்குப் படிக்கத் தெரியாது, வாத்தியார் முன்னால் என்ன பேசுவது?” என்னும் அச்சம் வேறு. இப்பணிக்கு ஊதியமும் இல்லை. அவள் வராமல் இருப்பதற்குக் காரணங்கள் பல உள்ளன. வருவதற்குக் காரணம் ஒன்றுதான் உள்ளது. அக்காரணம் மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கிறது.

அவள் வந்தால் என்ன நன்மை? மழை பெய்தால் எந்த வகுப்பறை ஒழுகுகிறது என்பது அவள் பிள்ளை வாயிலாக அவளுக்குத் தெரியும். கழிப்பறையில் தண்ணீர் இல்லாமையால் எந்தெந்தப் பெண்குழந்தைகள் பள்ளிக்கு வரத் தயங்குகின்றனர் என்பதும் தெரியும். எந்த வீட்டுப் பையன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறான் என்பதை அலுவலகத்துப் பதிவேட்டினும் முன்னதாக அவள் அறிவாள். பள்ளியை மேம்படுத்தும் திட்டத்தை வகுப்பதற்கு இவ்வறிவு இன்றியமையாதது. எழுத்தறிவு இல்லாமை இவ்வறிவுக்குத் தடையன்று.

குழுவின் கடமைகளைச் சட்டமும் விதிகளும் தெளிவாகக் கூறுகின்றன. மாதந்தோறும் கூடிப் பேசவேண்டும். பிள்ளைகள் அனைவரும் பள்ளியில் சேர்ந்து தவறாது வருகின்றனரா, ஆசிரியர் வருகை ஒழுங்காக உள்ளதா, மதிய உணவு முறையாக வழங்கப்படுகிறதா, மாற்றுத்திறன் உடைய குழந்தைகளுக்கு உரிய வசதி உள்ளதா என்று பார்க்கவேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுத்துப் பரிந்துரைக்கவேண்டும். பள்ளிக்கு வரும் நிதி எவ்வாறு செலவாகிறது என்று கண்காணிக்கவேண்டும். குழுவின் பணம் வங்கியில் இருக்கும். தலைவரும் தலைமையாசிரியரும் இணைந்தே அதனைக் கையாளவேண்டும்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். குழுவில் பெயர் மட்டும் இருந்து ஆள் வராமல் இருப்பதுண்டு. மனைவியின் இடத்தில் கணவர் அமர்ந்து பேசுவதுண்டு. படித்துப் பாராமலே தாளில் கையொப்பம் இடுவதும் உண்டு. கேட்டால் ஆசிரியர் மனம் வருந்துவாரோ என்று வாய் மூடியிருப்போர் பலர். கணக்குக் கேட்பது பகைமை ஆகாது. நேர்மையான தலைமையாசிரியர்க்குக் கணக்குக் கேட்கும் குழுவே பாதுகாப்பு. அவர் தூய்மைக்கு ஊரே சான்றாகிவிடுகிறது. கேள்வி கேட்பவர் ஆசிரியரின் பாடத்தில் தலையிடவும் வேண்டுவதில்லை. கற்பிப்பது ஆசிரியர் தொழில்; கற்பதற்கு இடையூறு இல்லாமல் செய்வது குழுவின் தொழில். இவ்வெல்லையை இருவரும் உணர்ந்து நடந்தால் பள்ளி தழைக்கும்.

உத்திரமேரூரார் ஓலையைப் பலர் அறிய உரக்கப் படித்தனர் என்று கண்டோம். அவ்வாறே குழுவின் கணக்கும் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்படவேண்டும். இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவாயிற்று, இவ்வளவு எஞ்சியது என்னும் மூன்று வரிகள் போதும். எழுத்தறியாதவரும் கேட்டு அறியலாம். விரல்களை விரித்துக் காட்டிய அம்மத்தியஸ்தனின் கை, பொதுப்பணி ஆற்றுவோர் அனைவர்க்கும் ஒரு பாடமாகும்.

மாணவர்களே, இதில் உங்கள் பங்கு யாது என்று கேட்பீர்கள். உங்களுக்கு இத்தேர்தலில் வாக்கு இல்லை. ஆயினும் கூட்டத்திற்கான அழைப்பு உங்கள் கையில்தான் வீட்டிற்கு வருகிறது. அதனைப் புத்தகப் பையின் அடியில் கசங்க விடாமல் தாயிடமோ தந்தையிடமோ கொடுத்துப் படித்துக் காட்டுங்கள். “நீங்கள் ஏன் நிற்கக்கூடாது?” என்று கேளுங்கள். தமக்குப் பேசத் தெரியாது என்று அவர்கள் தயங்கினால், வீட்டில் நாள்தோறும் உங்கள் பள்ளியைப் பற்றி அவர்கள் பேசுவதையே அங்கும் பேசினால் போதும் என்று கூறுங்கள். கணக்குத் தாள் ஒன்றை அவர்கள் கொண்டுவந்தால் உடனிருந்து படித்து விளக்குங்கள். நாளை நீங்களும் முன்னாள் மாணவராகி அக்குழுவில் அமரலாம். பின்னர்ப் பெற்றோராகியும் அமரலாம்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரில் ஒரு சிறுவன் குடத்தினுள் கையிட்டு ஓலை எடுத்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதே அவனை அழைத்ததற்குக் காரணம். இன்று அப்பகுதியில் வளரும் சிறுவர் சிறுமியர்க்குப் படிக்கத் தெரியும். தாய் கையொப்பம் இடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களால் அவளுக்குச் சொல்ல முடியும். ஊரின் பள்ளி நாட்டிற்கு அளிக்கும் முதற்பயன் அதுவேயாகும்.